மெடிக்கல் ஷாப் செராமைடு க்ரீம்: சென்னை தோலுக்கு செட் ஆகுதா?

சென்னைல எதுக்குப்பா மாய்ஸ்சரைசர், வெளிய வந்தாலே கசகசன்னு ஊத்துதேன்னு கேக்குறவங்க ஓஎம்ஆர்ல ஏதாவது ஒரு ஆபீஸ்ல ஏசிக்கு நேர் கீழ ஒரு ஷிப்ட் உக்காந்து பாருங்க, சாயங்காலம் கைய நகத்தால லேசா கீறினா வெள்ளைக் கோடு விழும். வீட்டுக்கு வந்தா போர் தண்ணி, அதுல சோப்பு நுரையே வராது, படிவு மட்டும் தோல்ல ஒட்டிக்கும். சோப்போட பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 9, 10ன்னு இருக்கும், நம்ம தோலுக்கு 5 பக்கம் இருந்தாதான் சரி.

அதுக்குதான் இந்த செராமைடு க்ரீம், செராமைடுங்கறது நம்ம தோல்லயே இருக்குற ஒரு வகை கொழுப்பு. மயிலாப்பூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல வாங்கினேன். எந்த கம்பெனிங்கறத விடுங்க, டப்பாவுக்கு பின்னாடி இருக்குற லிஸ்ட்தான் மேட்டர். தண்ணிக்கு அடுத்தே கிளிசரின், அப்புறம் செராமைடு, கொலஸ்ட்ரால், ஃபேட்டி ஆசிட், கொஞ்சம் பெட்ரோலேட்டம், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி. வாசனை சேர்க்கல, அதுக்கே ஒரு மார்க் எக்ஸ்ட்ரா.

இந்த காம்பினேஷன் ஏன் முக்கியம்னா, முகத்துல மேல் தோல்ல இருக்குற அந்த செத்த செல் லேயர் ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்கு கூட வராது, அதுல செல்லெல்லாம் செங்கல், நடுவுல இருக்குற கொழுப்புதான் சிமெண்ட், அந்த சிமெண்ட்ல பாதி கிட்ட செராமைடு, மீதில பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் ஃபேட்டி ஆசிடும். அதனால செராமைடுன்னு டப்பா முன்னாடி பெருசா போட்டுட்டு மத்த ரெண்டையும் விட்டுட்டா எனக்கு நம்பிக்கை வராது. கிளிசரின் தண்ணிய இழுத்து வெச்சிக்கும், ஆனா மேல மூடி வைக்க ஏதாவது இல்லைன்னா ஏசி காத்துல அந்த தண்ணியும் போயிடும், அதுக்குதான் பெட்ரோலேட்டம், மூடுறதுல அத அடிச்சிக்க ஆள் இல்ல. குளிச்சிட்டு முழுசா துவட்டாம ஈரத்தோட தடவுங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

எங்க சித்தி "இதுக்கு போய் இவ்ளோ காசா, ஆலிவ் ஆயில் தடவுடி"ன்னாங்க. அதுல ஒலியிக் ஆசிட் ஜாஸ்தி சித்தி, இருக்குற கொழுப்பு அடுக்கையே கலைச்சு விட்டுரும்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறாங்க, பக்கத்து வீட்டு குழந்தைக்கு வேற அதையே சிபாரிசு பண்றாங்க! தேங்காண்ணெய்னா கூட நான் வாய தொறந்திருக்க மாட்டேன்.

குறைன்னு பாத்தா, டப்பால விரல விட்டு எடுக்கணும், பம்ப் கிடையாது. மேல சன்ஸ்க்ரீன் போட்டா திரிதிரியா உருண்டு வருது, காலைல கெளம்புற அவசரத்துல செம கடுப்பு. மே மாசம் முகத்துக்கு இது வேணவே வேணாம், ஜெல் டைப் போதும். கை கால் முழங்கைக்கு மட்டும் வருஷம் பூரா ஓகே.

குதிகால் வெடிப்புக்கு இத நம்பாதீங்க. அதுக்கு யூரியா க்ரீம் தனியா கேளுங்க, 10 சதவீதம்னா ஈரம் புடிச்சு வைக்கும், 20க்கு மேல போனா தடிச்ச தோல உரிக்க ஆரம்பிக்கும், ரத்தம் வர்ற வெடிப்புல மட்டும் தடவிடாதீங்க, எரிச்சல் உயிர் போயிடும்.