இன்ஸ்டாக்ஸ் மினி 12: ஏழு மாதம், பதினொரு பெட்டி, நிறையத் திட்டு

இன்ஸ்டாக்ஸ் மினி 12, எடுத்த கையோடு படத்தைத் தாளில் வெளியே தருகிற கமரா. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் எடுக்கத்தான் ஆசை என்றால் வாங்குங்கள், ஆனால் எடுத்த படத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல ஒரு ஆளையும் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முதல் மூன்று பிலிம் பெட்டியை அப்படி ஒருவரும் இல்லாமல்தான் கரைத்தேன். பெட்டிக்குப் பத்துத் தாள், ஒரு தாள் கிட்டத்தட்ட ஒரு சோற்றுப் பார்சல் காசு.

வீட்டில் காட்டினால் எல்லாப் படமும் "வடிவாயிருக்கு"தான். அம்மம்மாவை விறாந்தையில் இருத்தி எடுத்ததையும் அப்படித்தான் சொன்னார்கள். அதை, முன்பு மட்டக்களப்பு டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்துக் கன நேரம் பார்த்தார். "மனே, அம்மம்மாக்கு என்னத்துக்கு இவ்வளவு பவுடர்?" என்றார். மறுகா, "மூக்கு இவ்வளவு பெரிசா அவவுக்கு?" கடைசியாகப் படத்தின் கீழ் ஓரத்தை நகத்தால் தொட்டு, "இந்தக் கை எங்க போச்சு?"

எது கமராவின் குணம், எது என் பிழை என்று பிரித்துத் தந்தவர் அவர்தான். இந்தக் கமராவில் பிளாஷை நிறுத்த வழியில்லை, ஒவ்வொரு படத்துக்கும் அடிக்கும், மிகக் கிட்ட நின்றால் முகம் வெளுத்துவிடும். அது கமராவின் குணம். ஆனால் லென்ஸை இன்னொரு தரம் திருப்பினால் வருகிற குளோஸ்-அப் 30 முதல் 50 சென்ரிமீற்றருக்கு உரியது, நானோ முகம் என்றாலே அதுதான் என்று நினைத்து அம்மம்மாவின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். அவ்வளவு கிட்டப் போனால் யாருடைய மூக்கும்தான் பெருக்கும், கமரா பாவம். கை வெட்டுப்பட்டது என் அவசரம், வேறொன்றுமில்லை.

அடுத்த கிழமை ஒன்றரை மீற்றர் பின்னுக்குப் போய், குளோஸ்-அப் இல்லாமல், யன்னல் வெளிச்சம் முகத்தில் விழ எடுத்தேன். படமே 62க்கு 46 மில்லிமீற்றர்தான், அதனால் முகம் சிறிசாக வந்தது, ஆனால் அம்மம்மாவாக வந்தது. ஐயாவிடம் ஓடினேன். "இப்ப சரி. பின்னால அந்த வாளி என்னத்துக்கு?"

குறை கேட்பதை விடச் சொல்வது கஷ்டம். கூட்டாளி ஒருவன் பொழுதுபடுகிற நேரம் கல்லடிப் பாலத்தடியில் மகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். பிளாஷ் எட்டுவது 2.2 மீற்றர் வரைதான், அதற்கு அங்கால் எல்லாம் இருட்டு. "பாலமும் இல்ல, வாவியும் இல்ல, புள்ள மட்டும் பேயறஞ்ச மாதிரி" என்றேன். படத்தைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனவன் இரண்டு கிழமை கதைக்கவில்லை. அவன் எனக்குக் காட்ட வந்தது மகளுக்கு அன்று விழுந்த முன்பல்லை. கேட்டிருந்தால் அது நல்ல படம் என்றே சொல்லியிருப்பேன், அந்த ஓட்டையால் நாக்கு நுனி எட்டிப் பார்ப்பது அவ்வளவு தெளிவு. இப்போது யார் படத்தை நீட்டினாலும் "எதைப் பார்க்கச் சொல்லுறாய்?" என்றுதான் தொடங்குகிறேன். நெகட்டிவ் இல்லை, உள்ளது ஒரே படம், அதைத் திருத்தவும் ஏலாது, ஆகவே அடுத்த தாளில் மாற்றக்கூடியதை, அதாவது தூரம், வெளிச்சம், நிற்கிற இடம், இதை மட்டும் சொன்னால் போதும்.

மற்றவை சுருக்கமாக. இரண்டு பென்டோர்ச் பற்றரி, நூறு படம் வரை இழுக்கும். செல்ஃபிக் கண்ணாடி இருக்கிறது, நான் பாவிக்கவில்லை. வெளியே வந்த தாளை ஆட்டாதீர்கள், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, நிழலில் வைத்துவிட்டு ஒன்றரை நிமிடம் பொறுங்கள்.

பிலிம் வாங்கும்போது பெட்டியில் திகதியைப் பாருங்கள். ஒரு கடையில், கண்ணாடி அலுமாரிக்குள் வெயில்பட இருந்த பெட்டியை அவசரத்தில் வாங்கிவிட்டேன், திகதி முடிந்து பத்து மாதம். பத்துப் படமும் சாயம்போன சீத்தை மாதிரி. அதையும் ஐயாவிடம் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உன்ட பிழை இல்ல மனே" என்றார். ஏழு மாதத்தில் அவர் என்னைத் திட்டாமல் விட்டது அந்த ஒரு தரம்தான்.