அப்பத்தாவின் வெள்ளி ரூபாய்கள்: எடைக்குப் போடுவதா, நாணயமாக விற்பதா?

அப்பத்தாவின் முதலாண்டுத் திதி முடிந்த மறுநாள், புதுக்கோட்டை வீட்டு மரப்பெட்டியின் அடியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது. அதில் 46 வெள்ளி ரூபாய்களும் ஒரு கைப்பிடிச் செம்புக் காசுகளும் இருந்தன. நகைக்கடையில் எடைக்குப் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. நாணயம் சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்றேன் நான். கடைசியில் இரண்டு வழியிலும் விற்றோம். என் மனம் இரண்டாவது வழியின் பக்கமே சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகைக்கடையில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், பணமும் அன்றே கைக்கு வந்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியது ஆண்டு ஒன்றுதான். 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10.69 கிராம், வெள்ளி. 1940 முதல் 1945 வரை அச்சிடப்பட்டவற்றில் பாதிதான் வெள்ளி. 1946, 1947 ஆண்டு ரூபாய்கள் நிக்கலால் ஆனவை. நாங்கள் முதலில் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொண்டுபோனபோது, பாதி வெள்ளிக்குரிய விலையையே மொத்தத்துக்கும் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பி ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொண்டு போன பிறகே சரியான கணக்குக் கிடைத்தது.

அப்படிப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் பையில் இருந்தவை வெறும் வெள்ளி அல்ல என்பது தெரிந்தது. ஐந்தாம் ஜார்ஜ் முகம் பொறித்த 1911ஆம் ஆண்டு ரூபாய்கள் இரண்டு இருந்தன. அந்த ஆண்டு நாணயத்தில் மன்னரின் அங்கியில் உள்ள யானை உருவம், துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால், பன்றியைப் போலத் தோன்றியது. அதற்கு எதிர்ப்பு எழவே, அச்சிட்ட ஏறத்தாழ 94 லட்சம் நாணயங்களில் சுமார் 7 லட்சம் மட்டுமே புழக்கத்துக்குப் போக, எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912இல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். தராசில் இந்த நாணயமும், பல கோடிக் கணக்கில் அச்சிடப்பட்ட 1918ஆம் ஆண்டு ரூபாயும் ஒரே எடை, ஒரே விலை. சேகரிப்பவர் கையிலோ ஒன்று தேடிக்கொண்டிருந்த பொருள், மற்றது ஏற்கெனவே நிறைய வைத்திருக்கும் பொருள்.

ஆனால் ஆண்டைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அது நாணயத்தின் மேற்பரப்பு. எங்கள் வீடுகளில் வெள்ளியை விபூதியிட்டுத் துலக்குவது வழக்கம். லட்சுமி பூசைக்கு வைப்பதற்காக அத்தை ஆறு ரூபாய்களை அப்படித் துலக்கியிருந்தார். 1911 இரண்டில் ஒன்றும் அந்த ஆறில் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தோம். துலக்காதது கருமையும் நீலமும் கலந்து மங்கியிருந்தாலும், மன்னரின் மீசையும் அங்கியின் வேலைப்பாடும் கூர்மையாகத் தெரிந்தன. துலக்கியது பளபளத்தது, ஆனால் அதன் முகம் முழுவதும் மெல்லிய கீறல்கள், யானையோ வெறும் மேடாகத் தேய்ந்திருந்தது. சேகரிப்பவர் அதற்குச் சொன்ன விலை மற்றதில் பாதிகூட இல்லை. விக்டோரியா ராணியின் 1862 ரூபாய்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1873 வரை அதே ஆண்டை இட்டே அச்சிட்டதால், பின்புறத்தில் உள்ள நுண்ணிய புள்ளிகளையும் பூவேலையையும் வைத்துத்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறார்கள். புள்ளி தேய்ந்துபோனால் அந்த வேறுபாடும் போய்விடும். ஆகவே பழைய காசு கிடைத்தால் புளியோ விபூதியோ பற்பசையோ அதன் அருகில் போகக் கூடாது. நகைக்கடைக்குக் கறுப்பு ஒரு பொருட்டல்ல. சேகரிப்பவருக்கோ அந்தக் கறுப்பே நாணயம் கெடாமல் இருப்பதற்கான சான்று. நாணயமாக விற்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் கை வைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

செம்புக் காசுகளை நகைக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசுகள்: ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாக வழங்கப்பட்ட காசு என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். விலை பெரிதில்லை என்றாலும், சேகரிப்பவர் வெள்ளியைவிட இவற்றைத்தான் அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

நாணயமாக விற்பதில் தொல்லைகளும் உண்டு. எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று, மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஏலத்தில் ஒரே ஒரு நாணயம்தான் கொடுத்துப் பார்த்தேன். தரகு போகக் கைக்கு வந்தது நேரடி விலையைவிடச் சற்றே கூடுதல், ஆனால் அந்த ஓர் அனுபவத்தை வைத்து ஏலமே மேல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இணையத்தில் பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை அறவே தவிர்க்க வேண்டும். அத்தகைய பரிமாற்றங்களில் தான் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

முடிவில் 1940க்குப் பிந்தைய 14 ரூபாய்களும், எளிதில் கிடைக்கும் ஆண்டுகளைச் சேர்ந்த தேய்ந்த ரூபாய்கள் 20ம் எடைக்குப் போயின. மீதி 12ஐ நாணயமாக விற்றோம்; அவற்றுக்குக் கிடைத்த தொகை எடைக்குப் போட்ட 34க்கும் கிடைத்ததைவிட அதிகம். அம்மன் காசுகளை விற்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, கழுவாமல், சித்தப்பாவே அலமாரியில் வைத்திருக்கிறார்.