முத்தொரை அருகே ஒரு வான்நோக்கு மாலை: சேலஞ்சர் உரைக்காகவே போகலாம்

உதகையிலிருந்து முத்தொரை செல்லும் வழியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு விடுதி பனிக்காலச் சனிக்கிழமைகளில் வான்நோக்கு மாலை நடத்துகிறது. இரவு உணவுடன் ஒருவருக்கு 700 ரூபாய். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கி இப்பகுதியில்தான் இருக்கிறது என்பதால், பொருத்தமான இடம்தான். ஜனவரி கடைசி வாரத்தில், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுடன் சென்றிருந்தேன்.

விடுதியின் 8 அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா நன்றாகத் தெரிந்தது. ஆனால் இருபது பேருக்கு ஒரே கருவி என்பதால் காத்திருப்பு அதிகம். உணவைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

அந்த மாலையின் உயிர், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73ஆவது விநாடியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் சிதறி, பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட ஏழு பேர் இறந்த நிகழ்வை அவர் எடுத்துக்கொண்டார். ரப்பர் வளையம் ஒன்றைக் கவ்வியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் போட்டு, சற்று நேரம் கழித்து எடுத்துக் கவ்வியைத் தளர்த்தினார். வளையம் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. விபத்து விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் செய்து காட்டிய அதே சோதனை. உறைபனிக் காலையில் தோட்டத்துக் குழாய் விறைத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு, விண்ணோடத்தை உந்தித் தள்ளும் திட எரிபொருள் பூஸ்டரில், இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையத்தைத் தாண்டிச் சூடான வாயு ஏன் கசிந்தது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

ஆனால் அவர் ரப்பரோடு நிறுத்தவில்லை. முந்தைய இரவே பூஸ்டர் நிறுவனத்தின் பொறியாளர்கள், வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று வாதிட்டதையும், மேலாளர்கள் அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொண்டதையும், மறுநாள் ஏறத்தாழ 2 டிகிரியில் விண்ணோடம் ஏவப்பட்டதையும் அவர் வரிசையாகச் சொன்னபோது கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. 'தெரிந்திருந்துமா அனுப்பினார்கள்?' என்று மகள் என் காதருகே கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

இவ்வளவு நேர்மையாகச் சென்ற உரை, 'விண்வெளியின் எதிர்காலம்' என்ற கடைசிப் பதினைந்து நிமிடங்களில் செவ்வாய்க் குடியிருப்புகளின் வண்ணப் படங்களாகக் கரைந்துபோனது எனக்கு வருத்தம். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவுடன் மேலும் ஆறு பேரைப் பலி கொண்ட கொலம்பியா விண்ணோட விபத்திலும், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியதைப் பற்றிப் பொறியாளர்கள் கவலை தெரிவித்தும் அது உரிய கவனம் பெறவில்லை. அதை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏவுதலின்போது வீரர்கள் தப்பிக்கும் அமைப்பு சேலஞ்சரில் கிடையாது. ககன்யானுக்கு அது உருவாக்கப்பட்டு, 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் சோதிக்கப்பட்டது. அன்று முதல் முயற்சியை ஏவுதலுக்கு 5 விநாடிகளே இருக்கும்போது கணினி தானாக நிறுத்தியது. காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகே காலை 10 மணிக்கு ராக்கெட் எழுந்தது. சேலஞ்சரில் நிகழாத அந்த நிறுத்தம் இங்கே நிகழ்ந்தது என்பதை, நாளை விண்வெளிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் செவ்வாய்ப் படங்களுக்கு முன்பாகக் கேட்டிருக்க வேண்டும்.

உரை முடிந்ததும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, ககன்யான் சோதனைத் தேதியைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் சிதறல் காட்சி திரையில் காட்டப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். நிகழ்ச்சி முடிய இரவு பத்தாகிவிடும். அதற்குப் பிறகு பேருந்து கிடையாது என்பதால் திரும்ப வண்டியை ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.