சொந்த நிரலா, பிறர் நிரலா, பூட்டிவைத்த பதிப்பா?

வேண்டிய வேலையைச் செய்யும் நிரல்தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது அதையே நாமும் எழுதுவது வீண் உழைப்பு என்ற வாதம், எழுதும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. 2016 மார்ச் மாதம், ஒரு தொகுப்பின் பெயர் யாருக்கு உரியது என்ற தகராறில் மனம் கசந்த அசெர் கொச்சுலு என்ற நிரலாளர், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தம்முடைய 270-க்கும் மேற்பட்ட தொகுப்புகளை நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்றான லெஃப்ட்-பேட், ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றெழுத்துகளால் நிரப்பும் வெறும் 11 வரி நிரல். புதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பழைய உலாவிகளுக்கு ஏற்ப மாற்றித்தரும் பேபல் போன்ற பெரிய கருவிகளே மறைமுகமாக அதை நம்பியிருந்ததால், அதை என்பிஎம் மீட்டுத்தரும் வரை ஏராளமான திட்டங்களின் நிறுவல் பாதியில் நின்றது. பத்து நிமிடத்தில் எழுதிச் சோதித்துவிடக்கூடிய இத்தகையவற்றை நாமே எழுதிக்கொள்வதே மேல்.

தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, பரவலாகப் பயன்படும் மறையாக்கத் தொகுப்பான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது உண்மைதான்; ஆனால் அத்தனை பேர் பயன்படுத்திய நிரலிலேயே தப்பிய பிழை, நான்கு பேர் மட்டும் பார்க்கும் நம் நிரலில் அகப்பட்டுவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

பிறர் நிரலை ஏற்றபின், புதிய பதிப்புகளை உடனுக்குடன் ஏற்பதா, சோதித்த பதிப்பிலேயே பூட்டிவைப்பதா என்பதுதான் கடினமான கேள்வி. 2024-இல் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அனுமதியின்றி உள்ளே நுழைய வழிசெய்யும் பின்வாசல் ஒன்றை வைத்திருந்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடிப்பதற்குள், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைக் கிளைகளுக்கு அது வந்துவிட்டது. பழைய பதிப்போடு நின்ற நிலையான கிளை தப்பியது. 2021 டிசம்பரில், நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் ஜாவா தொகுப்பான லாக்4ஜே விவகாரத்தில் நடந்தது நேரெதிர். 2.14.1 வரையிலான பதிப்புகளில் ஓட்டை இருந்ததால் பூட்டிவைத்தவர்களே மாட்டிக்கொண்டார்கள், 2.15.0-இல் வந்த திருத்தமும் முழுமையாக இல்லாததால் அதே மாதத்தில் 2.16.0, 2.17.0 என்று மீண்டும் மீண்டும் மாற வேண்டியிருந்தது.

இவ்விரண்டில் நான் பூட்டிவைப்பதையே தேர்வேன். ஆனால் அவசரத் திருத்தத்தை ஒரே நாளில் சோதித்து ஏற்றும் பழக்கம் இல்லாத குழுவுக்கு அந்தப் பூட்டே விலங்காகிவிடும். மூல நிரலையே நம் களஞ்சியத்துக்குள் படியெடுத்து வைத்துக்கொள்வதும் ஒரு வழி. லெஃப்ட்-பேட் போல ஒருநாள் காணாமற்போகும் அச்சத்தை அது நீக்குகிறது. ஆயினும் படியெடுத்தபோது தொகுப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துவைக்காவிட்டால், லாக்4ஜே போன்ற அறிவிப்பு வரும் நாளில் அந்த நிரல் நம்மிடம் இருப்பதே நமக்குத் தெரியாது.