களரி: வடக்கன் முறையா, அடிமுறையா?
களரி என்ற தற்காப்புக் கலையில் வட கேரளப் பாணியான வடக்கனைக் கற்பதா, தென்பகுதிப் பாணியான அடிமுறையைக் கற்பதா? மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சகஜம். வேறுபடுவது தொடங்கும் இடம். வடக்கனில் மெய்த்தாரி, அதாவது உடற்பயிற்சி, முதலில். பிறகு கோல்தாரி (கம்பு), அங்கத்தாரி (வாள் போன்ற உலோக ஆயுதங்கள்). வெறுங்கை கடைசியில்தான். அடிமுறையில் வெறுங்கைச் சுவடே (காலடி வரிசை) தொடக்கம், கம்பு பின்னால்.

இடுப்பு இறுகியவர்களுக்கு வடக்கன் சோதனை. தொடையின் பின்தசை இளகுமுன் நேர்க்காலைத் தலை உயரத்துக்கு வீசினால் ஊன்றிய குதிகால் எழும்பும், முதுகு கூனும், தசை பிடித்துக்கொள்ளும். இடுப்பு உயரத்தில், குதிகால் பதிந்தபடி 10 வீச்சு சுத்தமாக வரட்டும், அப்புறம் உயர்த்தலாம். அசுவ வடிவில் (குதிரை நிலை) முன்முழங்கால் உள்ளே சாயக்கூடாது, பாதவிரலை நோக்கி நிற்க வேண்டும்.

அடிமுறை எளிது போலத் தெரியும். ஆனால் சுவடு மாறும்போது எடை இரு காலிலும் தங்கினால் அடுத்த அடி தாமதம்.

சுருள்வாள், அதாவது வளைந்து நெகிழும் நீண்ட வாள், மீது ஆசை எல்லோருக்கும் உண்டு. அது முதலில் வெட்டுவது சுழற்றுபவரைத்தான்.