24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை: ராமநாதபுரம் பரிசோதனை நிலையம் ஒன்றின் சேவை

அடிக்கடி முகம் சிவந்து, வயிற்றுப்போக்கும் நிற்காமல் அவதிப்பட்ட என் அக்காவுக்குக் கார்சினாய்டு என்ற, செரட்டோனினை மிகையாகச் சுரக்கும் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற மருத்துவர் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற சிறுநீர்ச் சோதனை எழுதிக் கொடுக்க, மண்டபம் ஊரிலிருந்து ராமநாதபுரம் சென்று அதைச் செய்துகொண்டோம்.

மீனிலும் பருப்பிலும் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தில் வழக்கமாக ஏறத்தாழ 1 சதவீதமே செரட்டோனின் என்ற ஹார்மோனாகிறது. பெரும்பகுதி கைனுரெனின் என்ற வேறொரு வேதிமாற்ற வழியில் செல்ல, அதில் சிறு பங்கு நியாசின் என்ற வைட்டமினாகிறது. இக்கட்டியோ 60 சதவீதம் வரைகூடச் செரட்டோனின் பக்கம் இழுத்துக்கொள்வதால், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் நியாசின் குறைந்து பெலக்ரா என்ற குறைபாட்டு நோய் வரக்கூடும். அந்தச் செரட்டோனின் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற பொருளையே இங்கு அளக்கிறார்கள்.

மாதிரி வாங்கும் பெண் மிகப் பொறுமையானவர். அமிலம் ஊற்றிய கேனைக் கொடுத்து, அது கையில் பட்டுவிடக் கூடாது என்றும், முதல் நாள் காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு மறுநாள் காலையில் கழிப்பதைச் சேர்க்க வேண்டும் என்றும் இருமுறை விளக்கினார். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி இந்தச் சோதனைக்கு ஆகாது என்பதால் வீட்டில் மீன்குழம்பைப் புளி மட்டும் கரைத்து வைத்தோம்.

குறை ஒன்றுண்டு. அச்சிட்ட குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரையும் முடிவை உயர்த்திக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இல்லை. இதை அவர்கள் உடனே திருத்த வேண்டும்.