சோங்வானா, தியன்ஷுவா?

வயிற்றுக் கோளாறு என்றால் சீன அக்குபஞ்சரில் அடிக்கடி அடிபடும் ஊசிப் புள்ளிகள் இரண்டு. ஒன்று சோங்வான், அதாவது ரென் 12 (உடலில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளில் ரென் என்பதன் 12-ஆவது புள்ளி). மற்றது தியன்ஷு, எஸ்.டி. 25 (இரைப்பைப் பாதையின் 25-ஆவது புள்ளி). இரண்டும் வயிற்றில்தான் இருக்கின்றன, ஆனால் செய்யும் வேலை வேறு.

சோங்வானைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். மல்லாந்து படுத்து, நெஞ்செலும்பு முடிகிற குழியிலிருந்து தொப்புள் வரை நூலைப் பிடித்து, இரண்டாக மடியுங்கள். மடிப்பு விழும் இடம்தான் சோங்வான். கணக்குப்படி தொப்புளுக்கு மேலே 4 சுன். சுன் என்பது அங்குலம் இல்லை. அவரவர் கட்டைவிரல் கணுவின் அகலம். குழந்தைக்கும் பயில்வானுக்கும் அதே 4 சுன்தான்.

தியன்ஷு ஜோடிப் புள்ளி. தொப்புளுக்கு இரு பக்கமும் 2 சுன் தள்ளி இருக்கிறது. பெயருக்கு 'வானத்து அச்சு' என்று பொருள். நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற கூட்டத்தின் முதல் நட்சத்திரத்துக்கும் சீனத்தில் இதே பெயர்தான்.

சீன மருத்துவம் சோங்வானை இரைப்பையின் மூ புள்ளி, அதாவது அந்த உறுப்புக்கென்று உடலின் முன்பக்கத்தில் உள்ள புள்ளி என்கிறது, தியன்ஷுவைப் பெருங்குடலின் மூ புள்ளி என்கிறது. ஆகவே சாப்பிட்டதும் கல்லாய்க் கனப்பது, ஏப்பம், குமட்டல் என்றால் சோங்வான். மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கும் வலி என்றால் தியன்ஷு.

சரி, ஆதாரம்? மலச்சிக்கலைப் பொறுத்தவரை என் ஓட்டு தியன்ஷுவுக்கு. சீனாவின் 15 மருத்துவமனைகளில் கடும் மலச்சிக்கல் உள்ள 1,075 பேரிடம் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. தியன்ஷுவோடு இன்னும் இரண்டு புள்ளிகளில், 8 வாரத்தில் 28 முறை மின் அக்குபஞ்சர், அதாவது ஊசி வழியே மெல்லிய மின்சாரம். வாரத்துக்குச் சராசரியாக 3 முறையாவது, மருந்தோ வேறு உதவியோ இல்லாமல் முழுசாக வயிறு காலியானவர்கள் 31.3 சதவீதம், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 12.1. வித்தியாசம் உண்டு, ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மூன்று புள்ளிகளில் தியன்ஷுவின் பங்கு எவ்வளவு என்றும் இதில் பிரித்துச் சொல்ல முடியாது.

வீட்டில் விரலால் அழுத்திப் பார்க்க இரண்டுமே சுலபம். ஆனால் வயிறு நிறைய இருக்கும்போதும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் புள்ளி தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

வயிற்றில் ஊசி என்றாலே பயம் என்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே சூசான்லி இருக்கிறது. வயிற்றுக்காகச் சீனர்கள் காலில் குத்தும் இடம் அது.